ஹின்ரிக் குடித்த பால்

இல்ஸபேயைப் பெண் கேட்டு வந்தவர்களில் ஒருவன்கூட வந்த கோலத்தில் திரும்பிப் போனதில்லை. கொல்லன் வந்தான். தன் பட்டறையைப் பற்றி அவன் பெருமையடித்துக்கொண்டிருக்கும்போதே கால்சட்டை நாடா தானாக அவிழ்ந்து, பண்ணையாட்கள் அத்தனை பேரும் பார்க்கக் கணுக்காலில் போய் விழுந்தது. கோயிலில் மணி அடிக்கிறவன் வந்தான். அவன் உட்கார்ந்திருந்த முக்காலி அவனைச் சுமந்துகொண்டு வீட்டுக்குள்ளேயே இரண்டு பக்கமும் கட்டியிருந்த மாடுகளுக்கு நடுவே ஓடி, மூத்திரக் குழியில் கவிழ்த்துவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல அடுப்பங்கரைக்கு வந்து நின்றுகொண்டது. செம்மறி மேய்க்கிறவன் கொஞ்சம் விவரமானவன், உள்ளேயே வராமல் வாசலோடு நின்று பேசினான். அவன் தொப்பிக்குள் எப்படியோ ஒரு முட்டை போயிற்று, தொப்பிக்கு மேலே எப்படியோ ஒரு அடி விழுந்தது. அதற்கப்புறம் லூனெபுர்க் புதர்க்காட்டில் எந்த ஆம்பளையும் ஹின்ரிக் பண்ணைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

எல்லாம் சிம்கென் பார்த்த வேலை. சிம்கென் அந்த வீட்டுக் கோபோல்டு. அந்தச் சீமையில் மாடு கன்று, குதிரை, உருப்படியான அடுப்பு என்று உள்ள வீட்டில் இப்படி ஒரு குட்டிச்சாத்தானும் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும்தான், ஜலதோஷம் பிடித்த பிள்ளை பேசுகிற மாதிரி. அடுப்புக்கு மேலே பன்றித்தொடை புகையில் தொங்குகிற உத்தரம்தான் அவன் இருப்பிடம். வீடு எழுந்திரிப்பதற்குள் தண்ணீர் இறைத்து, விறகு பிளந்து, குதிரைகளை உடம்பு பளபளக்கத் தேய்த்து வைத்திருப்பான். இதற்கெல்லாம் கூலி, பொழுது சாயும்போது ஒரு கிண்ணம் நொய்க்கஞ்சி. நடுவில் ஒரு வெண்ணெய்க் கட்டி உருகிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் கஞ்சியை வைக்கிறவள் இல்ஸபே. சின்னப் பெண்ணாக வேலைக்கு வந்தவள், முப்பதைத் தாண்டி இப்போது அடுப்பங்கரைக்கே தலைவியாக நிற்கிறாள். அவள் கஞ்சி என்றால் சிம்கெனுக்கு உயிர். அவள் கட்டிக்கொண்டு போய்விட்டால் கஞ்சிக்கு எங்கே போவது? அதற்காக ஒரு பெண்ணின் வாழ்க்கையில் மண்ணைப் போடலாமா என்று கேட்டால், அது கோபோல்டு புத்தி, அதனிடம் போய் நியாயம் பேசினால் முடியுமா.

இந்த நிலையில்தான் பார்டெல் வந்தான். தேனீ வளர்க்கிறவன். புதர்க்காடு ஊதாவாகப் பூக்கிற காலத்தில் வைக்கோல் கூடுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, ஹின்ரிக்கின் நிலத்து ஓரத்தில் இறக்கியிருந்தான். பேச்சு குறைவு. ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் ஒரு பாத்திரம் கழுவிவிடலாம். இல்ஸபேக்கு அது பிடித்திருந்தது. ஊர் ஆம்பளைகள் வாயைத் திறந்தால் மூடுவதில்லை, இவனாவது மூடியிருக்கிறானே என்று நினைத்தாள்.

சிம்கென் வழக்கம்போல ஆரம்பித்தான். பார்டெல் உட்காரப் போன இடத்தில் ஒரு முள்ளெலிக் குட்டியை வைத்தான். பார்டெல் உட்கார்ந்தான், எழுந்தான், குட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தான். அவன் குடித்துக்கொண்டிருந்த பீரில் சிம்கென் கரியைக் கொட்டினான். பார்டெல் விரலால் கரியை ஒதுக்கிவிட்டுக் குடித்தான். சிம்கென் முதுகில் கிள்ளினான், காதைப் பிடித்து இழுத்தான், மூக்கில் வைக்கோலை விட்டான். நாள் முழுக்கத் தேனீயிடம் கொட்டு வாங்குகிறவனுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா? கடைசியில் சிம்கெனுக்கே மூச்சு வாங்கிற்று. இவன் மனுஷனா மரக்கட்டையா என்று உத்தரத்தில் உட்கார்ந்து முனகினான்.

அன்று பார்டெல் போனபிறகு இல்ஸபே கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உத்தரத்தைப் பார்த்துச் சொன்னாள், இவனைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன், இனிமேல் ஒரு சேட்டை பண்ணினாலும் கஞ்சியில் வெண்ணெய் கிடையாது என்று.

"சரி, கட்டிக்கோ. யாரு வேண்டாம்னா? நானும் வர்றேன்" என்றான் சிம்கென்.

"எங்கடா வர்றே?"

"நீ எங்கயோ அங்கதான். வண்டியில எனக்குன்னு இடம்கூட வேண்டாம். உன் துணிக்கூடைக்குள்ள உக்காந்துக்குவேன்."

"இந்த வீட்டுல நீ மூணு தலைமுறையா இருக்கே. விட்டுட்டு வந்துருவியா?"

"இந்த வீட்டுல எவன் எனக்காக என்ன செஞ்சான்? நீதான் கிண்ணத்தை வச்சிட்டு, சுடுது, ஊதிக் குடிடான்னு சொல்றே. வேற எவன் சொன்னான்?"

இல்ஸபேக்கு மனசு கரைந்தது உண்மை. ஆனால் அவன் கூட வருவது வேண்டாம் என்றிருந்ததும் உண்மை. முப்பது வயதுக்கு மேல் ஒருத்திக்குக் கல்யாணம் ஆகிறது. புருஷனோடு தனியாக நாலு வார்த்தை பேச ஒரு வீடு வேண்டும் அவளுக்கு, உத்தரத்தில் காது முளைத்த வீடு வேண்டாம். இத்தனை வருஷம் சிம்கென் விரட்டிவிட்ட மாப்பிள்ளைகளை நினைத்தால் கோபமும் வந்தது. அதை முகத்துக்கு நேரே சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

இது போதாதென்று ஹின்ரிக் ஒரு பக்கம். அந்த ஊரிலேயே பெரிய பண்ணை அவனுடையது. கையை விட்டு ஒரு துரும்பு போகச் சம்மதிக்காத மனுஷன். புதர்க்காட்டு ஓரத்தில் அவனுக்கு ஒரு குடிசை சும்மா கிடந்தது. கல்யாணம் பண்ணிக்கொண்டு பெண்டாட்டியோடு வந்தால் மிக்கேல் திருநாளிலிருந்து குடியிருக்கலாம், தேன்கூடுகளையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று பார்டெலுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். பெண்டாட்டி யார் என்று அப்போது கேட்கவில்லை. இல்ஸபே என்று தெரிந்ததும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

அவன் கவலை இல்ஸபேயைப் பற்றியதில்லை. அவள் போனால் பின்னாலேயே சிம்கென் போவான், சிம்கென் போனால் அந்தக் குதிரைகள் போச்சு. சந்தையில் ஹின்ரிக் குதிரையைப் பிடித்துக்கொண்டு நடந்து போனால் இவன் குதிரையைப் பார் என்று ஊரே திரும்பும். அதற்காகவே அவன் மெதுவாக நடப்பான். அதனால் இல்ஸபேயைக் கூப்பிட்டு வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டான்.

"இந்தா பாரு புள்ள, நீ தாராளமாப் போ. ஆனா சிம்கென் இந்த உத்தரத்த விட்டு எறங்கினான்னா, அந்தக் குடிசைக் கதவு உங்களுக்குத் தொறக்காது."

குடிசை இல்லாவிட்டால் கல்யாணம் இல்லை. பார்டெலுக்கு வண்டியும் தேன்கூடும் தவிர வேறு ஒன்றும் கிடையாது. வீடு வாசல் இல்லாதவனுக்குக் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கப் பாதிரியார் சம்மதிக்க மாட்டார். மிக்கேல் திருநாள்தான் வேலைக்காரர்கள் வீடு மாறுகிற நாள். அன்று கிளம்பாதவள் எசமானின் கையைப் பிடித்து இன்னொரு வருஷத்துக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். பூக்காலம் முடிந்தால் பார்டெல் கூடுகளை ஏற்றிக்கொண்டு போய்விடுவான். அடுத்த வருஷம் அவன் வருவானோ, இவளுக்காகக் காத்திருப்பானோ, யார் கண்டது?

எசமானியம்மா மெட்டா ஒரு யோசனை சொன்னாள். அவளுக்குச் சிம்கெனைக் கண்டாலே ஆகாது. அவள் பால் ஏட்டைத் திருட்டுத்தனமாக வழித்துத் தின்றதைப் புருஷனிடம் போட்டுக்கொடுத்தவன் அவன். ஒரு சின்னச் சட்டை தைத்து அடுப்பு மேல் வைத்துவிடு என்றாள். கோபோல்டுக்குத் துணி கொடுத்தால் கணக்குத் தீர்த்துவிட்டார்கள் என்று அர்த்தம், அழுதுகொண்டே போய்விடுவான், திரும்பி வரமாட்டான். இது பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்தான். இல்ஸபே வேண்டாமென்று சொல்லிவிட்டாள். சிம்கென் போனால் குடிசையும் போகும் என்பது ஒன்று. ஊதிக் குடிடா என்று சொன்ன வாயால் போடா என்று சொல்வதா என்பது இன்னொன்று. அவனை விரட்டவும் கூடாது, கூட்டிப் போகவும் கூடாது, அவனாகவே இங்கே இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அதற்கு என்ன வழி என்று நாள்கணக்காக மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டாள்.

வழி ஒரு பூனையால் கிடைத்தது. தெருப்பூனை ஒன்று உள்ளே வந்து அடுப்போரம் சுருண்டு படுத்தது. சிம்கென் உத்தரத்திலிருந்து கத்திய கத்தலில் பன்றித்தொடை ஆடியது. என் அடுப்பு, என் சூடு, நீ யாருடி என்று பூனையை மாட்டுத்தொழுவம் முழுக்கத் துரத்தினான். ஒரு பூனைக்கே இப்படி என்றால், இன்னொரு கோபோல்டு இந்த அடுப்பைக் கேட்டு வந்தால் இவன் அசைவானா? இடத்தைக் காலி பண்ணிவிட்டு இன்னொருத்தனுக்குக் கொடுப்பானா? இல்ஸபே கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

கோபோல்டு ஒரு வீடு பிடித்துப்போய் அங்கே வர விரும்பினால், கதவைத் தட்டி ஐயா இடம் இருக்கிறதா என்று கேட்காது. அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. முதலில் தரையெல்லாம் மரச்சீவல் கிடக்கும். பிறகு பால் சட்டிகளில் சாணி கிடக்கும். வீட்டுக்காரன் சீவலைக் கலைக்காமல் விட்டு, அந்தச் சாணிப்பாலை முகம் சுளிக்காமல் குடித்தான் என்றால், உன்னை ஏற்றுக்கொண்டேன் என்று அர்த்தம். கோபோல்டு அந்தக் குடும்பத்தில் கடைசி ஆள் இருக்கும்வரை இருக்கும். கூட்டித் தள்ளி, பாலைக் கொட்டினால், அது வேறு வீடு பார்த்துக்கொள்ளும்.

ஆக, வராத ஒரு கோபோல்டு வந்த மாதிரி இல்ஸபே செய்ய வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை, பார்டெலிடம்கூட. அவனிடம் சொன்னால் அவன் சரி என்று சொல்வதற்குள் மிக்கேல் திருநாள் வந்துவிடும்.

சிம்கென் குதிரைகளோடு இருக்கிற விடியல் நேரமாகப் பார்த்துச் சீவலைத் தூவினாள். அது சுலபமாக இருந்தது. பால் சட்டி பக்கம் போனபோதுதான் கை வரவில்லை. அவள் பால் சட்டியைக் கொதிநீரில் கழுவி, மணலில் தேய்த்து, மறுபடி கழுவி, வெயிலில் கவிழ்க்கிறவள். ஒரு ஈ விழுந்தால் சட்டியோடு பன்றிக்கு ஊற்றுகிறவள். இப்போது ஒரு கையில் சாணி, எதிரே ஏடு படிந்த வெள்ளைப் பால். ஆண்டவரே மன்னியும் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு போட்டாள். போட்டுவிட்டு, தன் பிள்ளையையே கிணற்றில் தள்ளியவள்போல உட்கார்ந்து அழுதாள்.

ஹின்ரிக் சாப்பிட வந்தான். சீவலைப் பார்த்தான். பண்ணையாட்களை அப்படியே நிற்கச் சொன்னான். குண்டு உடம்பைத் தூக்கிக்கொண்டு, ஒரு சீவல் நசுங்காமல், கொக்கு மாதிரி காலை எடுத்து எடுத்து வைத்துப் பால் சட்டிவரை போய் எட்டிப் பார்த்தான். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், கல்யாணத்தன்றுகூட அவன் முகத்தில் அப்படி ஒன்றை மெட்டா பார்த்ததில்லை. அதைப் பின்னால் அவளே சொல்லிக் குறைப்பட்டாள்.

"இன்னொண்ணு வந்திருக்கு" என்றான் மெதுவாக. "நம்ம வீட்டுக்கு ரெண்டு."

மெட்டா எட்டிப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரன் குடித்தால் போதும், வீட்டுக்காரி குடிக்க வேண்டுமென்று எந்த முறையிலும் இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவைத்தாள். ஹின்ரிக் சட்டியை இரண்டு கையாலும் தூக்கினான். இல்ஸபே நினைத்தது சும்மா உதட்டை நனைப்பான் என்றுதான்.

"எசமான், ஒரு வாய் போதும்னு சொல்லுவாங்க" என்றாள்.

"ஒரு வாய் குடிச்சா ஒரு வாய்க்குத்தான் வேலை செய்யும். எனக்குத் தெரியாதா?"

குடித்தான். நடுவில் ஒருமுறை நிறுத்தினான். தொண்டையில் ஏதோ சிக்கி, கண்ணில் தண்ணீர் வந்தது. பண்ணையாட்கள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார்கள். அவன் மூச்சை இழுத்துவிட்டு மறுபடி தூக்கினான். அடிவரைக்கும் குடித்துச் சட்டியைக் கவிழ்த்துக் காட்டினான், மீசையைத் துடைத்தான், சுற்றுமுற்றும் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத விருந்தாளிக்கு மரியாதையாக வணக்கம் வைத்தான். நல்ல பால்தான் என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனான். அங்கே என்ன நடந்தது என்று சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும், நமக்கு எதற்கு.

உத்தரத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. இல்ஸபே அதற்காகத்தான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். மத்தியானம்வரை ஒன்றுமில்லை. மத்தியானத்துக்கு மேல்தான் ஆரம்பித்தது.

ஐயோ, அப்படி ஒரு ரகளை அந்த வீடு கண்டதில்லை. பரணில் வைக்கோல் கட்டுகள் உருண்டன. வாடா வெளியே, ஆம்பளையாக இருந்தால் முகத்தைக் காட்டடா என்று சிம்கென் சவால் விட்டான். யாரோ யாரையோ அடிக்கிற சத்தம், விழுகிற சத்தம், அம்மா என்று ஒரு குரல். இல்லாத ஒருத்தனோடு இவன் எப்படிக் கட்டிப் புரளுகிறான் என்று இல்ஸபேக்கு விளங்கவில்லை. ஆத்திரம் கண்ணை மறைத்தால் காற்றைக்கூட அடிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள், நினைக்க நினைக்கத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

மறுநாளிலிருந்து வேலை இரட்டிப்பாயிற்று. விறகு கூரைவரைக்கும் அடுக்கியிருந்தது. குதிரைகளோடு பன்றிகளும் பளபளத்தன. இருவரும் போட்டி போட்டுக்கொண்டு செய்கிறார்கள் என்று ஹின்ரிக் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தான். அந்திக்கு இரண்டு கிண்ணம் கஞ்சி வைக்கச் சொல்லி உத்தரவு. இல்ஸபே வைத்தாள். காலையில் இரண்டும் வழித்து நக்கியிருந்தது. எதிரிக்கு ஒரு பருக்கைகூடக் கிடைக்கக்கூடாதென்று பாவம் சிம்கென் இரண்டையும் தின்று தொலைக்கிறான் என்று அவள் புரிந்துகொண்டாள். அவனிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். இடத்தைக் காக்கிற வேலை இருக்கிறது, பேச நேரமில்லை என்று சொல்லிவிட்டான்.

ஹின்ரிக் இளகினான் என்று நினைக்காதீர்கள். ஒன்று போனால் ஒன்று இருக்கிறதே என்று விடுகிற ஆளா அவன்? இரண்டில் ஒன்று குறைந்தாலும் குடிசை இல்லை என்று மறுபடி ஒருமுறை சொன்னான்.

மிக்கேல் திருநாள் காலை. மேசையைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே பார்டெல் வண்டியோடு நின்றான். ஹின்ரிக் கையை நீட்டிக்கொண்டு, இருக்கிறாயா போகிறாயா என்று கேட்டான். இல்ஸபே வாயைத் திறப்பதற்குள் உத்தரத்திலிருந்து குரல் வந்தது.

"டேய் ஹின்ரிக். நான் இங்கதான் இருக்கேன். எங்கயும் போகல."

ஹின்ரிக்கின் தாத்தாவையே சிம்கென் டேய் என்று கூப்பிட்டவன், அதனால் ஹின்ரிக் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சரிங்க, ரொம்ப சந்தோஷம் என்று எழுந்தே நின்றான்.

"ஆனா இனிமே என் கஞ்சியை நீதான் வைக்கணும். உன் கையால. வேற யாரும் கரண்டியத் தொடக்கூடாது."

மெட்டா சிரித்த சிரிப்பில் ரொட்டி தொண்டையில் அடைத்து, முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. ஹின்ரிக் சம்மதித்தான். வேறு வழி? நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, இல்ஸபேயைப் போகலாம் என்று சொல்லிவிட்டு, நொய்யைக் களைய வேண்டுமா, அப்படியே போடலாமா என்று கவலையோடு கேட்டான். அவள் சொல்லிக்கொடுத்தாள். அவன் உதட்டை அசைத்து மனப்பாடம் பண்ணிக்கொண்டே மாட்டுப் பக்கம் போனான்.

ஆட்களும் கலைந்தார்கள். இல்ஸபே தன் துணிமூட்டையை எடுக்க அடுப்பங்கரைக்கு வந்தாள். நினைத்தது நடந்துவிட்டது, சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் போய்வருகிறேன் என்று உத்தரத்தைப் பார்த்துச் சொல்ல நினைத்தாள், என்ன முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது என்று தெரியாமல் மூட்டையின் முடிச்சையே அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எந்தக் கோபோல்டுடி பசுஞ்சாணி மட்டும் போடும்?" என்றான் சிம்கென்.

அவள் கை நின்றது.

"குதிரை, ஆடு, பன்றி, கோழி, எல்லாம் கலந்து போடணும். அதான் முறை. நீ சுத்தமா, அன்னைக்குப் போட்டதா, ஒரு உருண்டை எடுத்து மெதுவா வச்சிருந்தே. பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு."

"பின்ன அந்தச் சண்டை?"

"நானே அடிச்சு நானே விழுந்தேன். ரெண்டு கிண்ணம் கஞ்சி சும்மா வருமா?"

இல்ஸபேக்குச் சிரிப்பு வந்தது, அது வெளியே வருவதற்குள் அழுகையாகிவிட்டது. எல்லாம் தெரிந்தும் ஏன் இங்கேயே இருக்கிறேன் என்றாய், என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாமே என்று கேட்டாள்.

சிம்கென் சொன்னான், இந்த வீட்டுக்கு அவன் முதலில் வந்தபோது ஹின்ரிக்கின் தாத்தா பாலைக் குடிக்கிற மாதிரி நடித்துவிட்டு, மேசைக்குக் கீழே நாய்க்கு ஊற்றிவிட்டாராம். அதை அவன் பார்த்தானாம். பனிக்காலம், போக வேறு இடமில்லை, பார்க்காத மாதிரி இருந்துவிட்டானாம், அதனால் இந்த வீட்டோடு அவனுக்குக் கட்டுப்பாடு ஒன்றும் இருந்ததில்லையாம். மூன்று தலைமுறைக்குப் பிறகு ஒருத்தன் அடிவரைக்கும் குடித்தான். இல்லாத எவனுக்காகவோதான் குடித்தான், ஆனாலும் குடித்தான், கண்ணில் தண்ணீர் வழியக் குடித்தான். அதைப் பார்த்தபிறகு விட்டுவிட்டு வர மனசு வரவில்லையாம்.

"அப்ப என் மேல உனக்குக் கோவம் இல்லையாடா?"

"கோவம்தான். அந்தச் சட்டியப் பார்த்ததும் எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிருவோம்னுதான் வாயைத் தொறந்தேன். அப்புறம் நீ அழுதுகிட்டு உக்காந்திருந்ததைப் பார்த்தேன். ஒரு ஈ விழுந்தாப் பாலையே கொட்டுற கை உன் கை. அந்தக் கை சாணியை எடுத்துப் பால்ல போட்டுச்சுன்னா, உனக்குப் போகணும்னு எவ்வளவு இருந்திருக்கும்? வந்தவன் எல்லாரையும் வெரட்டினேனே, உனக்குப் போக ஆசையான்னு ஒரு நாளாவது கேட்டேனா?"

இல்ஸபே அடுப்புக்கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அவளை யாரும் அதைக் கேட்டதில்லை. எசமானும் கேட்டதில்லை, எசமானியும் கேட்டதில்லை, பெண் கேட்டு வந்தவர்களும் கேட்டதில்லை. ஆசைதான்டா, ரொம்ப ஆசை, உன்னைக் கூட்டிக்கொண்டு போகாமல் போக ஆசை என்று சொன்னாள். சொல்லிவிட்டு இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"தெரியுது. போ. அந்தத் தேனீக்காரன் கூப்பிடக்கூட மாட்டான், பொழுது சாயுற வரைக்கும் அப்படியே நிப்பான்."

அவள் எழுந்து மூட்டையைத் தூக்கினாள். பார்டெல் வாசலுக்கு வந்து, ஒன்றும் கேட்காமல் அதைக் கையில் வாங்கிக்கொண்டான்.